கண்ணீர் வாணிகம்

தென்மேற்குப் பருவக்காற்று திரிகூட மலையைத் தொட்டதும், சாரல் சிந்தத் தொடங்கியதும், குற்றாலத்தில் கூட்டம் அலைமோதும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். பேரருவியில் ஆடவர் நீராடும் பக்கம் வேறு, மகளிர் நீராடும் பக்கம் வேறு. மகளிர் பக்கம் நோக்கி எவனாவது ஒருவன் கைபேசியை உயர்த்திப் படமெடுக்கத் துணிந்தானென்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும்? காவலர் வந்து சேருமுன்பே கூட்டம் அவன் சட்டையைப் பிடித்திருக்கும். "உனக்கு அக்காள் தங்கை இல்லையா?" என்ற கேள்வி நான்கு திசையிலிருந்தும் பாயும். பாயத்தான் வேண்டும்.

அந்தக் கூட்டமேதான் அந்தி சாய்ந்ததும் விடுதி அறைக்குத் திரும்பி, ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அமர்கிறது. பூட்டிய வீடொன்றினுள் பெண்கள் கண்விழிப்பதை, தலைவாருவதை, சண்டையிடுவதை, சுவரோரம் சாய்ந்து விம்முவதை விழி கொட்டாமல் பார்க்கிறது. அருவிக்கரையில் குற்றமாய் இருந்த செயல் அறைக்குள்ளே பொழுதுபோக்காய் மாறிய மாயம் என்ன?

"அவர்கள் சம்மதித்துக் கையெழுத்திட்டு வந்தவர்களாயிற்றே!" என்பார் விவரமறிந்தவர். சம்மதம்! தொழிலாளர் இயக்கத்தைச் சிறிதேனும் அறிந்த நாம் இந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! "ஒப்புக்கொண்டுதானே கூலிக்கு வந்தாய்?" என்று முதலாளி கேட்காத காலம் உண்டா? ஒப்பந்தத்தை எழுதுகிறவன் ஒருவன், கையெழுத்திடுகிறவள் மற்றொருத்தி. அவள் சிரித்த இருபது மணி நேரத்தை வெட்டியெறிந்துவிட்டு, சீறிய இரண்டு நிமிடத்தை மட்டும் ஊருக்குக் காட்டும் உரிமை எழுதியவன் கையிலே இருக்கிறது. இதற்கா சம்மதம் என்று பெயர்?

இந்த வாணிகம் நம் மண்ணில் முளைத்ததன்று. 1999-இல் நெதர்லாந்து நாட்டில் தொடங்கியது. ஆட்சியாளன் குடிமக்களின் படுக்கையறைவரை கண்வைத்துப் பார்க்கும் கொடுங்காலம் வரக்கூடும் என்று எச்சரித்து 1949-இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நாவலிலிருந்து 'பிக் பிரதர்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கைப் பலகையைக் கழற்றிக் கடைப் பலகையாக மாட்டிய சாமர்த்தியம் அது! 2006-இல் இந்தியில் 'பிக் பாஸ்' ஆயிற்று. 2017 ஜூன் மாதம் கமல்ஹாசன் தொகுத்து வழங்க, விஜய் தொலைக்காட்சி வழியாகத் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது.

அந்த முதலாண்டு நடந்தவற்றில் இரண்டை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

பங்கேற்றவர்களுள் ஒருவர், இன்னொரு பெண்ணை இழித்துரைப்பதற்காக அவர் நடத்தை 'சேரி' நடத்தை என்று பேசினார். உழைக்கும் மக்கள் வாழும் இடத்தின் பெயர் ஒரு பெண்ணை ஏசும் சொல்லாயிற்று! புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி (நம் தென்காசித் தொகுதியில் பலமுறை நாடாளுமன்றத் தேர்தலில் நின்றவர்) வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார், கண்டனங்கள் எழுந்தன. பேசியவர்மீது எல்லோரும் பாய்ந்தார்கள். நான் கேட்பது வேறு. நாள் முழுவதும் ஓடும் படத்தை ஒரு மணியளவுக்குச் சுருக்குகிறவர்களுக்கு எதை நீக்குவது, எதை வைப்பது என்று தெரியாதா? எத்தனையோ பேச்சை வெட்டிய கத்தரிக்கோல் அந்தச் சொல்லின்முன் மட்டும் ஏன் மழுங்கிப் போயிற்று? சண்டை விலைபோகும் சரக்கு, அதனால் வைத்தார்கள்.

மற்றொன்று ஜூலியின் கதை. 2017 சனவரியில் மெரினாக் கடற்கரையில் சல்லிக்கட்டுக்காகத் திரண்ட மாணவர், இளைஞர் கூட்டத்தில் முழக்கமிட்டுப் புகழ்பெற்ற செவிலியர் அவர். 'வீரத் தமிழச்சி' என்று தலைமேல் தூக்கிக் கொண்டாடினார்கள். ஆறே மாதத்தில் அந்த வீட்டுக்குள் போனார்; சொன்ன ஒரு சொல் பொய்யென்று 'குறும்படம்' போட்டுக் காட்டப்பட்டது. அவ்வளவுதான்! கொண்டாடிய விரல்களே கைபேசியில் வசைமாரி பொழிந்தன. பொய் சொல்வது தவறில்லையா என்பீர்கள். தவறுதான். ஆனால் தோழரே, வாக்குறுதி தந்து வஞ்சித்த எத்தனை ஆடவரை, எத்தனை பெருமுதலாளிகளை இந்த நாடு மறந்து மன்னித்திருக்கிறது! ஒரு செவிலியப் பெண்ணின் சிறுபொய்யை மட்டும் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கிறதே, இது எந்த ஊர் நீதி?

இளைஞர் உள்ளத்தை இந்நிகழ்ச்சிகள் கெடுக்கின்றன என்று புலம்புகிறவர்கள் பெண்களின் ஆடையளவைப் பற்றியே பேசுகிறார்கள். அவர்களோடு நாம் சேர்ந்து பாடவேண்டியதில்லை. ஆடையில் கண்வைக்கும் ஒழுக்கக் காவலனுக்கும், கண்ணீரில் காசு பார்க்கும் வணிகனுக்கும் வேற்றுமை சிறிதே; இருவருக்கும் பெண் பார்வைப் பொருள். கேடு வேறிடத்தில் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை இப்பெட்டியிடம் கற்றுக்கொள்வது, பெண்களைத் தரம் பிரிக்கும் வித்தையை. இவள் நல்லவள், இவள் நடிக்கிறாள், இவள் அடங்காதவள், இவளை வெளியேற்று! அவனுக்கு வாக்குரிமை வருமுன்பே, ஒரு பெண்ணை விலக்கி வைக்கும் வாக்கு அவன் விரல்நுனிக்கு வந்துவிடுகிறது. அதே வீட்டில் அமர்ந்திருக்கும் அவன் தங்கையோ, எப்படிப் பேசினால் ஏச்சு விழும், எப்படிச் சிரித்தால் பழி வரும் என்று கணக்குப் போடப் பழகுகிறாள்.

அந்த ஆண்டே ஓவியா என்ற நடிகைக்கு இளைஞர்கள் படையெனத் திரண்டு ஆதரவு தந்ததையும் மறைக்கவேண்டியதில்லை. கூட்டத்துக்கு அஞ்சி முகத்தை மாற்றிக்கொள்ளாத ஒரு பெண்ணை அவர்களுக்குப் பிடித்திருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அவர் மனம் நொந்து தவித்த நாள்களும் அந்நிகழ்ச்சியில் காட்சியாகவே ஓடின என்பதை அந்தப் படையினர் எண்ணிப் பார்த்தார்களா?

நடிகையர் கதையாவது புகழும் பணமும் வந்த கதை. ஏழைப்பெண்ணின் கதைக்கு வருவோம்.

பாவூர்சத்திரம், கடையம், ஆலங்குளம், சுரண்டை வட்டாரத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். திண்ணைதோறும் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள். வடக்கேயிருந்து வந்த இலையை நனைத்து, அளவு வைத்து வெட்டி, தூளை நிரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவர்கள். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் தரமில்லையென்று கழித்தது போக மிச்சத்துக்குத்தான் கணக்கு. இவர்களுக்கென 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பயன்களுள் எவை வீடு வந்து சேர்ந்தன என்பது தனியே எழுதவேண்டிய கதை. 2006 தேர்தலுக்குப்பின் அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வீடுதோறும் வழங்கியபோது இவர்கள் வீட்டிலும் ஒன்று வந்து அமர்ந்தது. கண் இலைமேல், காது பெட்டிமேல், கை தூள்மேல். அப்படித்தான் இவர்கள் தொலைக்காட்சி 'பார்க்கிறார்கள்'.

இந்தப் பெண் அந்தத் திரையில் தோன்றுவது எப்போது? கழுத்து வலிக்க அவள் உழைத்த கதையைக் கேட்க எந்த ஒளிபரப்பு நிறுவனமும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவரவில்லை. கணவன் அவளை விட்டு ஓடியிருந்தால் வரவேற்பு உண்டு. அவள் மகள் யாரையோ விரும்பிப் போயிருந்தால் இருக்கை உண்டு!

2011-இல் ஜீ தமிழில் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை' இதைத்தான் செய்தது. பெயரோ நீதிமன்றச் சத்தியத்தின் பெயர். ஆனால் அங்கே சட்டம் படித்த வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடு இல்லை. கேள்வி கேட்பவர் உயரத்தில், கைகட்டி விழிப்பவர் தாழ்வில். கூலிக்காரரின் குடும்பச் சிக்கல்கள் நாள்தோறும் அங்கே நாற்சந்திக்கு வந்தன. மாளிகைகளில் மணமுறிவே இல்லையா? சொத்துச் சண்டையே இல்லையா? அவை மூடிய அறைக்குள் வழக்கறிஞர் துணையோடு தீர்கின்றன. ஏழையின் கண்ணீருக்கு மட்டும் விளம்பர இடைவேளை! 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தபோதுதான் நாட்டில் பலர் விழித்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் பஞ்சாயத்து மரத்தடியில் நடந்தால் கட்டப் பஞ்சாயத்து என்று கண்டிக்கிறோம். விளக்கு வெளிச்சத்தில் நடந்தால் விழிப்புணர்வு என்று மெச்சுகிறோமா?

குற்றாலத்துக்கு அருகிலுள்ள மேலகரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சியைப் படித்தவர்கள் சிங்கனையும் சிங்கியையும் மறக்கமாட்டார்கள். ஊர் ஊராய்க் குறி சொல்லிப் பிழைக்கும் மலைமகள் சிங்கி. அவளைத் தேடியலைந்து கண்டுபிடிக்கும் கணவன் சிங்கன் அவள் அணிந்திருக்கும் நகைகளைப் பார்த்து ஐயுற்று, சொல்லாமல் எங்கே போனாய், காலில் கிடப்பது என்ன என்று அடுக்கடுக்காய்க் கேட்கிறான். இன்றைய தொலைக்காட்சிக்கு எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! அவளை அழவைத்து அரைமணி நேரம் ஓட்டியிருப்பார்கள். கவிராயர் என்ன செய்தார்? சிங்கியின் வாயிலேயே விடைகளை வைத்தார். குறி சொன்ன கூலி இது, பரிசாய்ப் பெற்ற நகை இது என்று அவள் துணிவோடும் குறும்போடும் பதில் சொல்கிறாள். கேட்டவன்தான் வாயடைத்துப் போகிறான். நூலின் நாயகி வசந்தவல்லி உயர்ந்த மாளிகைப் பெண். ஆயினும் மலைவளம் பேசும் பெருமிதம் முழுவதையும் அந்த ஏழைக் குறத்திக்கே தந்திருக்கிறார். தன் உழைப்பையும் தன் மலையையும் தானே எடுத்துரைக்கும் பெண்! முந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட புலவர் ஒருவர் காட்டிய மரியாதை, செயற்கைக்கோள் ஏறிவரும் இந்நாள் ஒளிபரப்புக்கு வரவில்லையே!

வசந்தவல்லி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2018-இல் கலர்ஸ் தமிழ், 'எங்க வீட்டு மாப்பிள்ளை' என்றொரு சுயம்வரம் நடத்தியது. பழைய சுயம்வரத்தில் மன்னர் பலர் காத்திருக்க, மங்கை மாலையோடு வருவாள். இங்கே நடிகர் ஆர்யா ஒருவர். அவர் கைப்பிடிக்கக் காத்திருந்த பெண்கள் பதினாறு பேர்! வாரந்தோறும் கழித்துக் கழித்து, கடைசியில் மூவர் நின்றார்கள். ஒருத்தியைத் தேர்ந்தால் மற்ற இருவர் வருந்துவார்களென்று சொல்லி அவர் எவரையும் ஏற்கவில்லை. பதினாறு பெண்கள் நாடறியத் தேர்வெழுதி, பதினாறு பேரும் தோற்ற விந்தை! மறு ஆண்டு அவர் தம் மனத்துக்கு இசைந்தவரை மணந்தார். அது அவர் உரிமை, குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் பெண்பார்க்க வந்து பஜ்ஜி தின்று, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோமென்று சொல்லிச் செல்லும் அந்தப் பழைய அவமானத்தை ஒழிக்கத்தானே நாம் மேடைமேடையாய்ப் பேசினோம்? அது வண்ண விளக்குப் போட்டுக்கொண்டு மீண்டும் வந்து நின்றபோது, நம் வீட்டிலேயே கைதட்டிப் பார்த்தார்கள்.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். 2007 சனவரியில் பிரிட்டனில் நடந்த நிகழ்ச்சியில் ஷில்பா ஷெட்டியை இனத்தைச் சுட்டி இழிவுபடுத்தினார்கள். ஒளிபரப்பு ஒழுங்காணையத்துக்கு 40,000-க்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. விளம்பரம் தந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அவரே வெற்றியும் பெற்றார். இழிவுபடுத்தியவர்களுள் முதன்மையாகப் பேசப்பட்டவர் ஜேட் குடி. அவர் யார்? பல் மருத்துவரிடம் உதவியாளராய் இருந்த ஏழைப்பெண். 2002-இல் அதே நிகழ்ச்சியில் அவரது அறியாமையையும் உடலையும் கேலி செய்துதான் ஏடுகள் வயிறு வளர்த்தன. 2008-இல் இந்தி 'பிக் பாஸ்' வீட்டுக்கு வந்தார். தமக்குப் புற்றுநோய் என்ற செய்தி அந்த வீட்டினுள் இருந்தபோதே அவருக்கு வந்தது. மறு ஆண்டு மார்ச்சில் இறந்தார். வயது 27. அவரை வில்லியாக்கியதும் விற்றதும் ஒரே கடைதான்.

நம் நாட்டில் வழியில்லாமல் இல்லை. பெண்களை இழிவுபடுத்தும் நிகழ்ச்சிகளை 1994-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளின் 6-ஆம் விதி தடுக்கிறது. 2021 திருத்தத்தின்படி, முறையீடு வந்த 15 நாளில் ஒளிபரப்பு நிறுவனம் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் மேலே போகலாம். நம் படிப்பகங்களில் அமர்ந்து நிகழ்ச்சியைத் திட்டித் தீர்க்கும் தோழர்களில் எத்தனை பேர் ஓர் அஞ்சலட்டை, ஒரு மின்னஞ்சல் எழுதினோம்?

இன்னொன்றும் சொல்லவேண்டும், கசப்பானது. மாற்றுக் கட்சி மேடையில் ஒரு பெண் பேசினால், அவர் கருத்துக்கு விடை சொல்லாமல் அவர் முகத்தையும் மணவாழ்வையும் வெட்டி ஒட்டிக் கேலிப்படம் பரப்பும் இளைஞர்கள் எல்லா முகாமிலும் இருக்கிறார்கள். நம் முகாமிலும் இருக்கிறார்கள். அவர்கள் போடுவதும் 'குறும்படம்'தான். தொலைக்காட்சியைக் கண்டித்துத் தீர்மானம் போடும் கிளை, முதலில் தன் உறுப்பினர் கைபேசியில் ஓடுவதைக் கேட்டு நிறுத்தட்டும். "எதிரி அப்படிச் செய்கிறானே" என்ற விடை வேண்டாம்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பேசுவதற்கு ஆடவர் மட்டும் போதாது. திண்ணையிலிருந்து அந்தச் சகோதரிகள் வரவேண்டும். கூட்டத்தை இரவு ஒன்பது மணிக்கு வைத்தால் வரமாட்டார்கள். கடையில் பீடியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் நேரம் எதுவென்று கேட்டறிந்து, அந்த நேரத்துக்கு வையுங்கள்.