பால்வண்டி நேரமும் மாட்டின் வயிறும்

மாண்புமிகு பால்வளத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

நாமக்கல் மாவட்டத்தில் நாலைந்து கறவை மாடுகளை நம்பிப் பிழைக்கிறவன் எழுதுகிறேன். பால் விலையைக் கூட்டிக் கேட்க உற்பத்தியாளர் சங்கங்கள் இருக்கின்றன, கேட்டுக்கொண்டும் இருக்கின்றன. நான் கேட்க வந்தது வேறு. மாடு என்ன தின்ன வேண்டும் என்பதற்கு உங்கள் துறையில் திட்டங்கள் உண்டு: புல் கரணை தருகிறீர்கள், தாது உப்புக் கலவை தருகிறீர்கள், புல் வெட்டும் கருவிக்கு மானியம் தருகிறீர்கள். மாடு எப்போது, எப்படித் தின்கிறது என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. நடைமுறையில் அதைத் தீர்மானிப்பது பால்வண்டிதான்.

எங்கள் வழித்தடத்தில் காலைப் பால் ஐந்தரைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்க வேண்டும். சாயங்காலப் பால் என்று பேர், எடுப்பதோ மதியம் இரண்டரைக்கு. அப்படியென்றால் கறவை விடியற்காலை நாலரைக்கும், பட்டப்பகல் ஒன்றரைக்கும். ஒரு கறவைக்கும் அடுத்ததற்கும் இடையே பகலில் 9 மணி நேரம், இரவில் 15 மணி நேரம். நீண்ட இடைவெளிக்குப் பின் கறக்கும் பாலில் அளவு கூடும், கொழுப்புச் சதவீதம் இறங்கும். எந்தச் சங்கத்திலும் காலைப் பால் சீட்டையும் மதியப் பால் சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இது கண்ணில் படும்.

விஷயம் அதோடு முடிவதில்லை. மாடு அசையாமல் நின்று பால் விட வேண்டும் என்று கறவையை ஒட்டித்தான் நாங்கள் அடர் தீவனம் வைக்கிறோம். கறவை இரண்டு வேளை என்பதால் தீவனமும் இரண்டு வேளை. பத்து லிட்டர் கறக்கும் ஜெர்சிக் கலப்பினத்துக்கு நாளைக்கு ஐந்தாறு கிலோ வேண்டும். அத்தனையும் இரண்டே தவணையில் போகிறது. அதிலும் பலர் தீவனத்தைத் தவிடு, புண்ணாக்கோடு ஊறவைத்து, வாளியில் கரைத்துத் தண்ணி காட்டுகிறார்கள். இராத்திரி எட்டு மணிக்குப் போட்ட சோளத்தட்டை பத்து மணிக்கே தீர்ந்துவிடும். அதன் பிறகு வெறும் தொட்டியை நக்கிக்கொண்டு நின்ற மாடு, விடிகாலையில் அந்த வாளிக்குள் மூக்கு முழுகத் தலையைவிட்டு ஒரே உறிஞ்சில் இழுக்கும். வாளி காலியாகும் வேகத்தைப் பார்த்து நாமும் 'நல்லாக் குடிக்குது' என்று சந்தோஷப்படுவோம்.

வயிற்றுக்குள் நடப்பது சந்தோஷப்படும்படி இல்லை. மாட்டின் பெருவயிற்றில் நுண்ணுயிர்கள்தான் தீனியைச் செரிக்கின்றன. மாவுச்சத்து மொத்தமாக இறங்கினால் அவை அமிலத்தைக் கொட்டுகின்றன. அந்த அமிலத்தை முறிப்பது மாட்டின் எச்சில். அதில் இருப்பது நம் அடுப்படியில் இருக்கும் சமையல் சோடாவேதான். நன்றாக அசைபோடும் பெரிய மாட்டுக்கு நாளைக்கு நூறு லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கும். அப்படிச் சுரக்க மாடு மெல்ல வேண்டும்; கரைத்துக் குடித்ததில் மெல்ல என்ன இருக்கிறது? நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் அசைபோட வேண்டிய மாடு அதில் பாதியோடு நிறுத்திக்கொள்கிறது. அமிலம் ஏறி, நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்குகின்றன. பாலின் கொழுப்புக்கு மூலப்பொருள் பெரும்பாலும் அந்த நார்ச்சத்திலிருந்து வருவது. ஆக முதலில் விழுவது ஃபேட். பிறகு சாணி இளகும், ஒருநாள் தின்றால் மறுநாள் தின்னாது, மாதங்கள் போனால் குளம்பில் நோவு வந்து நொண்டும்.

இதே நோய் முற்றிய வடிவத்தில் எப்படி இருக்கும் என்பதை மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை மருத்துவரையும் கேட்டால் சொல்வார். பாசத்தில் ஊட்டிய பொங்கலும் பழமுமே மாட்டைக் கிடத்திவிடும். கல்யாண வீட்டு மிச்சச் சோறும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் மரவள்ளித் திப்பி மலிவு என்று அள்ளி வைக்கிறோம். அதுவும் பெரும்பாலும் மாவுதான், புரதம் சொற்பம்.

சங்கத்தில் என்ன நடக்கிறது? சீட்டில் ஃபேட் குறைந்தால் காசு குறைகிறது. எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான இதர திடப்பொருள்) குறைந்தால் காசோடு மானமும் போகிறது, ஏனென்றால் முதலில் எழும் சந்தேகம் தண்ணீர் கலந்தார்கள் என்பது. பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த அளவு 3.2 சதவீதம் கொழுப்பு, 8.3 சதவீதம் இதர திடப்பொருள். கலப்படம் செய்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தீனியில் ஆற்றலும் புரதமும் போதாத மாட்டின் பாலும் அந்த 8.3-ஐ எட்டாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல சங்கத்தில் ஆள் இல்லை. கருவி காட்டும் எண்ணை வைத்து விலை போடத் தெரிகிறது. அந்த எண்ணை வைத்து மாட்டுக்கு வைத்தியம் சொல்லத் தெரிவதில்லை.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். ஒரு லிட்டர் பாலுக்கு மாடு நாலைந்து லிட்டர் குடிக்க வேண்டும். கட்டுத்தறியில் குட்டைக் கயிற்றில் நிற்கும் மாட்டுக்கு நாம் காட்டும்போதுதான் தண்ணீர். வாய்க்கு எட்டும் தூரத்தில் நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி இருந்தால், வேறெதையும் மாற்றாமலே பல மாடுகளில் பால் கூடும்.

இனி, உங்களைக் கவலைப்படுத்த வேண்டிய சேதி. 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அவற்றில் 5.7 சதவீதத்தில் அஃப்லடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88. மாநிலங்களில் நாம்தான் முதலிடம். இந்த நஞ்சைப் பாலில் யாரும் கலப்பதில்லை. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் வழியாக மாட்டின் வயிற்றுக்குள் போய், ஒரே நாளில் மடிக்கு வந்துவிடுகிறது. காய்ச்சினாலும் போகாது. எங்கள் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தீவன ஆய்வகம் இருக்கிறது. கோழிப் பண்ணைக்காரர்கள் மக்காச்சோளத்தை அங்கே அனுப்பி, முடிவைப் பார்த்துத்தான் லோடு இறக்குகிறார்கள். கோழிக்குக் கிடைக்கும் அந்தக் கவனம், குழந்தை குடிக்கும் பாலைத் தரும் மாட்டுக்குக் கிடைக்கவில்லை. நாலு மூட்டை புண்ணாக்கு வாங்குகிற நான் தனியாக ஆய்வகத்துக்கு அலைய முடியாது. சங்கம் மொத்தமாக வாங்கி, மொத்தமாகச் சோதித்து, சோதனை முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட முடியும். அதற்கு உங்கள் உத்தரவு ஒன்று போதும்.

சங்கத்தில் ஆள் இல்லை என்றேனே, அதற்கு ஒரு யோசனை. தேசியப் பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில், தேசியப் பால்வள வாரியம் பல மாநிலங்களில் ஊருக்கு ஒருவரைப் பயிற்றுவித்து, வீடு வீடாகப் போய் அந்தந்த வீட்டுத் தீனிக்கேற்பச் சமச்சீர்த் தீவனக் கணக்குப் போட்டுத் தந்தது. நல்ல வேலை அது. அப்படி ஓர் ஆளிடம் இன்னும் இரண்டு வேலைகளைக் கொடுங்கள். ஃபேட் விழுந்த வீட்டுக்குப் போய், படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசைபோடுகிறதா என்று எண்ணட்டும். ஒரு கவளத்துக்கு எத்தனை தடவை மெல்கிறது என்று பார்க்கட்டும். ஐம்பதுக்கு மேல் என்றால் கவலையில்லை. பிறகு தட்டையை முதலில் போட்டு, தீவனத்தைப் பிற்பாடு, கரைக்காமல், மூன்று நான்கு தவணையாக வைக்கச் சொல்லட்டும். தட்டையை ரொம்பப் பொடியாக நறுக்கினாலும் மெல்ல ஒன்றும் இருக்காது, நீளமாகப் போட்டாலோ இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கிவிடும் என்பதையும் சொல்லட்டும். கறந்த கையோடு கொஞ்சம் பசும்புல் போட்டால் மாடு அரைமணி நேரம் படுக்காமல் நிற்கும், அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும், மடிநோய் குறையும். இதில் எதற்கும் மருந்துச் செலவு கிடையாது.

மறுபடி வண்டிக்கு வருகிறேன். பால் கெட்டுவிடும், நேரத்தோடு குளிர்விப்பு நிலையம் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்ன காரணம் நியாயமானது. இப்போது பி.எம்.சி. என்ற மொத்தப் பால் குளிர்விப்பான் உள்ள ஊர்களில் பால் ஊரிலேயே 4 டிகிரிக்குக் குளிர்ந்துவிடுகிறது. அங்கே மதியம் இரண்டரைக்குப் பால் எடுக்க என்ன அவசியம்? சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்கடியில் ஒன்றரை மணிக்கு மாடு தீனியில் வாய் வைக்காது, தின்றாலும் செரிமானச் சூட்டில் மூச்சிரைக்கும். கறவையைச் சாயங்காலம் மூன்றரைக்குத் தள்ளினால் இடைவெளி 11 மணி நேரமும் 13 மணி நேரமுமாக நெருங்கும். ஏதாவது ஒரு வழித்தடத்தில் மூன்று மாதம் மாற்றிப் பார்த்து, முன்சீட்டையும் பின்சீட்டையும் அதிகாரிகளை ஒப்பிடச் சொல்லுங்கள். எங்கள் வழித்தடமாக இருந்தாலும் சரிதான். நாலரைக்கு வண்டியை அனுப்புங்கள், கேன்களோடு நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பால் உற்பத்தியாளர்,
நாமக்கல் மாவட்டம்