பள்ளிக்கூடத்தில் போன் வேண்டாம். அதற்காகப் பிள்ளையை அவமானப்படுத்தவும் வேண்டாம்

பள்ளி நேரத்தில் மாணவர்கள் செல்போன் பயன்படுத்த தடை வேண்டுமா வேண்டாமா என்று இன்பாக்ஸில் பலர் கேட்டிருந்தீங்க. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் மருத்துவனாக என் கருத்தைச் சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

1) என் பதில்: தடை வேண்டும். காலை மணி அடித்ததில் இருந்து மாலை மணி அடிக்கும் வரை. வகுப்பில் மட்டுமல்ல, இடைவேளையிலும் மதிய சாப்பாட்டு நேரத்திலும்தான்.

2) ஏன்? யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கை ஒரு விஷயம் சொல்கிறது. போனால் ஒருமுறை கவனம் சிதறினால், திரும்பப் பாடத்துக்கு வர 20 நிமிடம் வரை ஆகலாம். நம்ம ஊரில் ஒரு பீரியட் 40, 45 நிமிடம். ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால் பாதி பாடம் காலி.

3) இங்கிலாந்தில் 4 நகரங்களைச் சேர்ந்த 91 பள்ளிகளை ஆராய்ந்தார்கள். போன் தடைக்குப் பிறகு மதிப்பெண் கூடியிருந்தது. யாருக்கு? நல்லா படிக்கிற பிள்ளைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன். சுவீடனில் இதே மாதிரி செய்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிடறேன். ஆனாலும் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத, டியூஷன் போக வழியில்லாத பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு எது இருக்கு?

4) அடுத்தது கண். சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு. சில பள்ளிகளில் மட்டும் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். 3 வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் மற்ற பள்ளிகளில் 100க்கு சுமார் 40 பேர், இங்கே சுமார் 30 பேர். இடைவேளையில் கையில் போன் இருந்தால் எந்தப் பிள்ளை வெயிலில் இறங்கி ஓடும்?

5) இதுவரை தடைக்கு ஆதரவாகப் பேசிட்டேன். இப்போ அதன் எல்லையைச் சொல்றேன்.

2025ல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளை ஒப்பிட்டது. தடை இருந்த பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் மாணவர்களின் மனநலத்தில் வித்தியாசம் இல்லை. காரணம் எளிது. பள்ளியில் பார்க்காததை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். மொத்த நேரம் பெரிதாகக் குறையவே இல்லை. போன் நேரம் அதிகமான பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியாக இருந்தாலும் தூக்கமும் மனநிலையும் மோசமாகவே இருந்தது.

6) இப்போ நான் எழுத வந்த முக்கியமான விஷயம்.

ஒரு இரவுப் பணி. ஒன்பதாம் வகுப்பு மாணவி. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தூக்கிட்டு வந்தாங்க. காப்பாத்திட்டோம். இரண்டு நாள் கழித்து வார்டில் மெதுவா பேச்சுக் கொடுத்தேன்.

"போனை வாங்கி வச்சதுகூட பரவாயில்ல சார். அதுல இருந்த மெசேஜ எல்லார் முன்னாடியும் படிச்சாங்க. வீட்டுக்கு வந்தா அப்பா அடிச்சாரு."

இப்படி ஒரு முடிவுக்கு ஒரே ஒரு காரணம் இருக்காது. எல்லா மருத்துவருக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தாங்க முடியாமல் போனது போன் இல்லாதது அல்ல, அவமானம்.

7) அதனால் தடை போடும் பள்ளிகளுக்கு என் வேண்டுகோள்:

- காலையில் எல்லோரிடமும் வாங்கி, பெயர் ஒட்டிப் பெட்டியில் வைங்க. மாலையில் திருப்பிக் கொடுங்க. பிடிபட்டவன் என்று யாரும் இல்லாமல் போகும்.
- போனைத் திறக்காதீங்க. மெசேஜ், போட்டோ எதையும் பார்க்காதீங்க.
- விதியை மீறினால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்க. உடைக்கிறது, வகுப்பு முன்னால் நிற்க வைக்கிறது வேண்டவே வேண்டாம்.
- சர்க்கரை அளவு காட்டும் சென்சாரைப் போனோடு இணைத்திருக்கும் பிள்ளை, பார்வைக் குறைபாட்டுக்குப் போனை நம்பியிருக்கும் பிள்ளை, இவர்களுக்கு விலக்கு கொடுங்க.
- அவசரத்துக்குப் பெற்றோர் கூப்பிட அலுவலகத்தில் ஒரு எண், எடுக்க ஒரு ஆள் இருக்கட்டும்.

இன்னொன்று. பகலில் போன் கூடாதுன்னு சொல்லிட்டு, ராத்திரி 8 மணிக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பாதீங்க. டைரியில் எழுதிப் போடச் சொல்லுங்க.

8) பெற்றோருக்கு: 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி வீட்டில் எல்லோர் போனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். எல்லோர் போனும் என்றால் உங்க போனும்தான். நானும் இதில் பாதி நாள் தோற்கிறேன், ஒத்துக்கறேன்.

பிள்ளை திடீர்னு ஒதுங்கினா, சாப்பிடாம இருந்தா, "செத்துடலாம் போல இருக்கு"ன்னு விளையாட்டாச் சொன்னாக்கூட அலட்சியம் பண்ணாதீங்க. 14416, 104 இரண்டு எண்ணிலும் மனநல ஆலோசனை இலவசம். பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் கூட்டிட்டு வரலாம். யாரும் திட்ட மாட்டோம்.

போனை ஓரமா வைக்கச் சொல்லுங்க. பிள்ளையை ஓரங்கட்டிடாதீங்க.