‘ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்துடு தம்பி!’

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டு அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். “தம்பி, பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை பேச்சுப் போட்டி. தலைப்பு ‘தண்ணீர் சிக்கனம்’. நீதான் பத்திரிகையில இருக்கியே... நல்லா ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்துடு. அவ மனப்பாடம் பண்ணிடுவா.”

பாப்பா ஒன்பதாம் வகுப்பு. பள்ளி நாடகக் குழுவில் இருக்கிறாள். “நாடகத்துல நடிக்கிற பிள்ளைக்குப் பேச்சா வராது?” என்று டீச்சரே பெயர் கொடுத்துவிட்டாராம்.

எனக்கு அது அரை மணி நேர வேலை. ஆனால், மனசு வரவில்லை. ஏனென்றால், அதே ஒன்பதாம் வகுப்பில், அதே மாதிரி நாடகக் குழுவிலிருந்து பேச்சுப் போட்டிக்குப் போய், மானம் கப்பலேறி வந்தவன் நான்.

தலைப்பு காந்தியடிகள். மாமா எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை ஒரு வாரம் உருப்போட்டேன். “அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்” வரை கணீரென்று போனது. இரண்டாவது பத்தியில் ஒரு வார்த்தை நழுவியது. அவ்வளவுதான். அடுத்து என்ன என்று கூரையைப் பார்த்தேன். கூரை ஒன்றும் சொல்லவில்லை. “இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்” என்று பாதியில் கும்பிட்டு இறங்கிவிட்டேன். ஹாலே சிரித்தது.

எனக்கே புரியாத விஷயம் ஒன்று உண்டு. இரண்டு மாதம் முன்னால்தான் ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டி, ஒட்டுமீசையோடு கர்ஜித்திருந்தேன். அப்போது வராத பயம், யூனிஃபார்மில் நின்றபோது எங்கிருந்து வந்தது?

நாடகம் சொல்லிக்கொடுத்த மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: “நாடகத்துல வசனம் மறந்தா என்னடா பண்ணுவே?”

“எதிர்ல நிக்கிறவனைப் பார்த்து சமாளிச்சிடுவேன் மிஸ்.”

“பேச்சுப் போட்டியிலயும்தான் எதிர்ல அத்தனை பேர் உட்கார்ந்திருந்தாங்க. நீ ஒருத்தரையாவது பார்த்தியா?”

பார்க்கவில்லை. என் கண்ணுக்குள் ஓடியதெல்லாம் மாமாவின் கையெழுத்துதான்.

இந்த வேலைக்கு வந்த பிறகு, அமெரிக்க ஹைஸ்கூல் போட்டிகளைப் பற்றிப் படித்தபோது மிஸ் ஞாபகம்தான் வந்தது. அங்கே நாடகக் குழுப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்குப் போவது சகஜம். 1925-ல் தொடங்கிய ஒரு தேசிய அமைப்பே இதற்கு இருக்கிறது. நாடகக் காட்சியைப் பேசிக் காட்டும் பிரிவில் 10 நிமிடம்தான். வேஷம், கையில் பொருள் எதுவும் கூடாது. இருவர் சேர்ந்து செய்யும் பிரிவில், நடிக்கும்போது ஒருவரையொருவர் தொடக் கூடாது, பார்த்துக்கொள்ளவும் கூடாது. ஆக, கைவசம் மிஞ்சுவது குரலும் முகபாவமும் எதிரே இருக்கும் ஆட்களும்தான்.

‘ஒரிஜினல் ஆரட்டரி’ என்று இன்னொரு பிரிவு. மனப்பாடமாகத்தான் பேச வேண்டும். ஆனால், பேசுகிறவரே எழுதியதாக இருக்க வேண்டும். நான் கோட்டை விட்டது இங்கேதான். மனப்பாடம் தப்பில்லை. அடுத்தவர் மனசில் இருந்ததை மனப்பாடம் செய்ததுதான் வினை.

நம் ஊரிலும் மேடைப் பேச்சும் நாடகமும் உறவுக்காரர்கள்தான். பேச்சால் கூட்டத்தைக் கட்டிப்போட்ட அண்ணா, நாடகம் எழுதி, அதில் நடிக்கவும் செய்தவர். 2022-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா, கிராமத்துப் பிள்ளைகளுக்கும் மேடை தந்திருக்கிறது. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் நடத்தும் பேச்சுப் போட்டிகளில் பரிசுத் தொகையும் உண்டு. அந்த ஆசையில்தான் பேப்பரோடு நாமும் களத்தில் குதித்துவிடுகிறோம்.

சரி, பாப்பா கதைக்கு வருவோம். அன்று சாயங்காலம் வெறுங்கையோடு போனேன். அக்கா முகம் மாறியது. “ஒரு பேப்பரும் கொண்டு வரலையா?”

பாப்பாவிடம், “தண்ணி இல்லாம நீ என்னைக்காவது கஷ்டப்பட்டிருக்கியா?” என்றேன். யோசித்தாள். போன கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நின்றதையும், பின்னால் நின்ற பாட்டிக்கு முன்னால் இடம் விட்டதையும், அதனால் தன் முறை வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துபோனதையும் சொன்னாள். அன்று வீட்டில் அம்மா திட்டியதையும் சேர்த்து! கேட்டுக்கொண்டிருந்த அக்கா, “அது பாட்டிக்கு விட்ட இடம்னு நீ சொல்லவே இல்லையேடி” என்றார்.

அதையே தொடக்கமாக வைத்து, அவளே ஒன்றரைப் பக்கம் எழுதினாள். நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன்.

வெள்ளிக்கிழமை பரிசு வரவில்லை. “நடுவுல மறந்துட்டேன் அண்ணா. முதல் வரிசையில ஒரு டீச்சர் தலையாட்டிக்கிட்டே கேட்டாங்க. அவங்களைப் பார்த்தேன், ஞாபகம் வந்துடுச்சு. முழுசா முடிச்சிட்டேன்” என்றாள். பாதியில் இறங்கியவனுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயமென்று.

உங்கள் வீட்டிலும் ஒரு பேச்சுப் போட்டி வருகிறதா? பேனாவை எடுக்கும் முன், பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலை முழுசாகக் கேளுங்கள். முதல் ரசிகர் வீட்டிலேயே கிடைத்துவிட்டால், பாதி பயம் அங்கேயே போய்விடும்.

அக்காவுக்கு என் மேல் இன்னும் கொஞ்சம் கோபம்தான். பரவாயில்லை, பாப்பா அடுத்த போட்டிக்கு அவளாகவே பெயர் கொடுத்துவிட்டாள்.