கடன் கணக்கோடு இதையும் பேசலாமே!

என் பெயரைப் போட வேண்டாம். படித்தால் காரணம் புரியும்.

என் ஓரகத்திக்கு வயது 19. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. கொழுந்தனாருக்கு பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவை வருவார். நாளுக்கு நாள் அந்தப் பெண் வாடிக்கொண்டே போனாள். கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்பாள். ஒருநாள் துணி துவைக்கும்போது அழுதேவிட்டாள். நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் வலி, ஒன்றுக்குப் போனால் எரிச்சல். மூன்று மாதமாக! மாமியாரிடம் சொன்னதற்கு, "உடம்பு சூடு, வெந்தயம் ஊற வச்சுக் குடி" என்றாராம்.

மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் எனக்கு வந்தபோது என்னைப் பெற்றவளும் வெந்தயம்தான் கொடுத்தாள். இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் தவித்தேன்.

அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். "இது சூடு இல்லம்மா, தொற்று. மாத்திரையில குணமாகும். ஆனா புருஷனும் சேர்ந்து சாப்பிடணும். இல்லைன்னா திரும்பத் திரும்ப வரும். கவனிக்காம விட்டா கருக்குழாய் பாதிச்சு, குழந்தை தங்காமப் போகலாம்" என்றார் டாக்டரம்மா. நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் இலவசமாகச் செய்தார்கள். தொற்று இல்லை என்று வந்தபிறகுதான் மூச்சே வந்தது. முடிவை வேறு யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

மாத்திரை வாங்கியது சுலபம், கொழுந்தனாரை விழுங்க வைத்ததுதான் பெரும்பாடு! "என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்று குதித்தார். கடைசியில் என் வீட்டுக்காரர் தம்பியைத் தனியாக உட்கார வைத்து, "தப்பு யார் மேலன்னு இங்க யாரும் கேக்கல. மாத்திரையைப் போடு" என்றார். அவள் தனியாகக் கேட்டிருந்தால் பழி அவள் தலையில்தான் விழுந்திருக்கும்.

எல்லா வீட்டிலும் இப்படி ஓர் அண்ணன் இருப்பாரா? நாமக்கல் கௌசல்யாவைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் மறைத்த எச்.ஐ.வி. தனக்கும் வந்துவிட்டதை வெளிப்படையாகச் சொன்னவர். மூலையில் முடங்காமல், 1998ல் சென்னையில் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து அமைப்பே தொடங்கினார்.

நமக்குப் புதிதாக எதுவும் தொடங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசு மகளிர் குழுக்களை ஆரம்பித்ததே 1989ல், நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். குழுவில் உட்கார்ந்தால் சந்தா, வட்டி, யார் தவணை பாக்கி என்று இரண்டு மணி நேரம் பேசுகிறோம். (நடுவில் ஊர்க்கதையும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.) புதிதாக வாழ வந்த பெண்கள் ஓரமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். "உடம்பு எப்படி இருக்கும்மா? ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரட்டுமா?" என்று ஒருத்தி கேட்டால் என்ன?

எங்கள் குழுவில் இதைச் சொன்னபோது இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று பேர் கூட்டம் முடிந்ததும் என் பின்னாலேயே வீடு வரை வந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மாவைப் பேச அழைத்திருக்கிறோம். மாமியாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

– ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்.