சுறாவைக் காத்த தீவு

கடலைக் கண்டு வியவாதார் இலர். அதன் ஆழத்தை எண்ணி அஞ்சாதாரும் இலர். அவ்வச்சத்திற்கு ஓர் உருவம் கொடுத்தால், அது பெரும்பாலும் சுறாவின் உருவமாகவே இருக்கும். கூரிய பல்லும், இமையாத கண்ணும், ஓசையின்றி நெருங்கும் உடலும் நினைத்த அளவிலே நடுக்கம் தருவன. இத்தகைய உயிரைக் காப்பதும் ஒரு கடமையாகுமோ? ஆகும் என்று உலகிற்கு விடை கூறியது ஒரு சிறு தீவு நாடு. அதன் பெயர் பலாவு.

பசிபிக் மாகடலின் மேற்குப் பகுதியில், பிலிப்பைன்சுக்குக் கிழக்கே பலாவு அமைந்துள்ளது. 300க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்டதாயினும், அதன் மக்கள்தொகை 20,000க்கும் குறைவே. 1994ஆம் ஆண்டில் அது தனி நாடாயிற்று. அந்நாட்டின் நிலம் சிறிது. அதற்கு உரிய கடலோ மிகப் பெரிது. அக்கடலின் அடியிலே உள்ள பவளப்பாறைகளைக் காண்பதற்கென்றே பல நாட்டு மக்களும் அங்குச் செல்கின்றனர்.

முற்காலத்தில் கடலில் மூழ்கியவர் தம் ஒரு மூச்சு நிற்கும் அளவே உள்ளே இருக்க இயலும். 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான ஜாக் கூஸ்தோவும் எமில் காஞானும் சேர்ந்து ஒரு மூச்சுக்கருவியை அமைத்தனர். உருளையில் அடைக்கப்பட்ட காற்றை, மூழ்குவோர்க்கு வேண்டும் பொழுது வேண்டும் அளவு அது தந்தது. இன்றைய ஸ்கூபா முக்குளிப்பு அதன் வழியில் வளர்ந்ததே. ஆயினும், கருவி கிடைத்த அளவில் கடல் மனிதனுக்கு அடங்கிவிடவில்லை. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தத்தால் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலே கரைகிறது. விரைந்து மேலே எழுந்தால் அது குமிழிகளாக வெளிப்பட்டு உடலை முடக்கும், உயிரையும் போக்கும். ஆதலின், முக்குளிப்போர் மூச்சை அடக்காமலும், விரையாமலும், மெல்ல மெல்ல எழுதல் வேண்டும். தன் எல்லையை அறிந்து நடப்பதே கடல் கற்பிக்கும் முதற்பாடம்.

எல்லையை மறந்த மனிதர் செய்தது யாது என்பதற்கும் பலாவின் கடலடியிலே சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அத்தீவுகள் சப்பானியர் ஆட்சியில் இருந்தன. 1944ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30, 31ஆம் நாள்களில் அமெரிக்க விமானங்கள் அங்கிருந்த கப்பல்களின்மீது குண்டுமாரி பொழிந்தன. பல கப்பல்கள் மூழ்கின, பலர் மாண்டனர். அவற்றுள் ஒன்று 'இரோ' என்னும் எண்ணெய்க் கப்பல். ஏறத்தாழ 140 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் இன்றும் கடலடியில் நிமிர்ந்தே நிற்கிறது. அதன் இரும்பின்மேல் பவளம் படர்ந்திருக்கிறது. அறைகளிலே மீன்கள் குடிபுகுந்துள்ளன. மனிதன் அழிவிற்கென அனுப்பிய கலத்தைக் கடல் பல உயிர்களின் உறைவிடமாக்கிக் கொண்டது. அதனைக் காணச் செல்வோர் வேடிக்கை பார்ப்போர் போலச் செல்லுதல் தகாது. அது பலருடைய கல்லறையும் ஆகும்.

இனிச் சுறாவைக் காண்போம். பலாவில் 'புளூ கார்னர்' என்று வழங்கும் பாறைமுனை ஒன்று உண்டு. அங்கே நீரோட்டம் மிக வலிது. முக்குளிப்போர் உயிரற்ற பாறையிலே ஒரு கொக்கியை மாட்டி, அதனோடு பிணைத்த கயிற்றைப் பற்றி, காற்றிலே பட்டம் நிற்பதுபோல நீரிலே நிற்பர். அவர் கண்ணெதிரே சாம்பல் நிறப் பவளச்சுறாக்கள் நீரோட்டத்தை எதிர்த்து அமைதியாக நீந்தும். மனிதர் அவற்றின் இரை அல்லர். உலகம் முழுவதிலும் ஓராண்டில் சுறாவினால் இறப்போர் சராசரியாகப் பதின்மருக்கும் குறைவு. மனிதரால் இறக்கும் சுறாக்களோ, 2019ஆம் ஆண்டிற்கு ஆய்வாளர் செய்த மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 8 கோடி. யார் யாருக்கு அஞ்சுதல் வேண்டும்?

சுறாக்கள் பெரிதும் வேட்டையாடப்படுவதற்கு அவற்றின் துடுப்பைக் கொண்டு செய்யும் சாறும் ஒரு காரணம். ஏனைய மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பவளச்சுறாவோ ஏறத்தாழ ஓராண்டு கருவைச் சுமந்து, ஆறுக்கு மேற்படாத குட்டிகளையே ஈனும். அழிவு விரைவாகவும் பெருக்கம் மெதுவாகவும் இருப்பின் இனம் எங்ஙனம் நிலைக்கும்? இதனை உணர்ந்த பலாவின் குடியரசுத் தலைவர் ஜான்சன் தொரிபியோங், 2009ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையிலே தம் நாட்டுக் கடல் முழுவதும் சுறாக்களின் புகலிடம் என அறிவித்தார். உலகில் அவ்வாறு அறிவித்த முதல் நாடு அதுவே.

"மீன் பிடித்து வாழும் சிறு நாட்டிற்கு இஃது ஏற்குமோ?" என்று வினவுவோர் உண்டு. அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்கு 2011ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஒரு கணக்கினால் விடை தந்தனர். பலாவின் முக்குளிப்பு இடங்களிலே வாழும் ஒரு சுறா, தன்னைக் காண வருவோர் வாயிலாகத் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 19 இலட்சம் டாலர் வருவாய் தரும். கொன்று விற்றாலோ கிடைப்பது 108 டாலர் அளவே என்பது அவர்தம் முடிபு. முதலை அழிப்பவனினும் அதன் பயனை நாள்தோறும் நுகர்பவனே அறிவுடையவன்.

எனினும், பொருட்கணக்கு ஒன்றையே நம்பி இருத்தல் போதாது. 2015ஆம் ஆண்டில் பலாவு மற்றொரு சட்டம் இயற்றித் தன் கடற்பொருளாதார மண்டலத்தில் 80 விழுக்காட்டைக் காப்பிடமாக்கியது. அச்சட்டம் 2020 சனவரி முதல் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சில திங்களுக்குள் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தது. விமானங்கள் நின்றன, வருவோர் இல்லை, வருவாயும் இல்லை. காண்பாரற்ற அந்நாளில் சுறாவின் விலை யாது? பணமே அளவுகோலாயின், அன்று அதன் உயிருக்கு மதிப்பே இல்லை எனல் வேண்டும். அங்ஙனம் கூறுதல் அறமாகுமோ? சந்தையின் விலை ஏறும், இறங்கும். அதனோடு சேர்ந்து ஏறி இறங்குவது காவல் ஆகாது.

பலாவு மக்களின் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். பாறைகளில் மீன் அருகியபோது ஊர்த்தலைவர்கள் கூடி, 'இன்ன இடத்தில் இன்ன காலம்வரை மீன் பிடித்தலாகாது' எனத் தடை விதிப்பர். மக்களும் அதற்கு அடங்கி நடப்பர். அன்று வெளியூரிலிருந்து முக்குளிப்போர் வரவில்லை, டாலர் தரவுமில்லை. நாளை பிறக்கும் குழந்தைக்கும் மீன் வேண்டும் என்னும் எண்ணம் ஒன்றே அத்தடைக்கு அடிப்படை. இன்றைய சட்டமும் அவ்வழக்கத்தின் விரிவே.

2017ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அந்நாட்டிற்கு வரும் ஒவ்வொருவரும் தம் கடவுச்சீட்டில் பொறிக்கப்படும் ஓர் உறுதிமொழியின்கீழ்க் கையொப்பம் இடுதல் வேண்டும். அத்தீவின் சிறுவர் துணையோடு இயற்றப்பட்ட அவ்வுறுதிமொழி, அச்சிறுவரை நோக்கியே அமைந்தது. இயற்கைக்குத் தீங்கு செய்யாமல் நடப்போம் என்று முதியோர் சிறியோர்க்கு வாக்களிக்கின்றனர். கையொப்பத்தினால் மட்டும் பவளம் பிழைத்துவிடாது என்பது உண்மையே. காலால் மிதித்தும் கையால் ஒடித்தும் பாறையைச் சிதைப்பவர் எவ்வளவு ஆர்வத்துடன் வந்தவராயினும் அக்கடலுக்குப் பகைவரே. ஆயினும், 'இவ்வில்லம் பிறருடையது' என்னும் நினைவோடு நுழைபவன் பெரும்பாலும் நல்ல விருந்தினனாகவே நடந்துகொள்வான்.

கடலடியில் நிற்கும் போர்க்கப்பல் ஆற்றலின் முடிவைக் காட்டுகிறது. அதன் அருகே நீந்தும் சுறா அடக்கத்தின் பயனைக் காட்டுகிறது. கொல்லும் வலிமை இருந்தும் கொல்லாது விடுதலே பெருமை. பெரிய நாடுகள் பல செய்யத் தயங்கியதை இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஒரு நாடு செய்து காட்டியது. நிலத்தால் சிறிய அந்நாடு, நெஞ்சால் பெரியது அன்றோ?