கொர்னேலியா எண்டரின் பதக்கத்தைப் பிடுங்காதீர்கள்

ஊக்கமருந்து பற்றிப் பேச்சு வந்தாலே நம் வகுப்பில் ஒருவர் "கிழக்கு ஜெர்மனிக்காரிகள் பதக்கத்தை எல்லாம் பிடுங்கணும்" என்று ஆரம்பித்துவிடுகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாரிடமிருந்து பிடுங்குவது, யாருக்குக் கொடுப்பது?

கொர்னேலியா எண்டரையே எடுத்துக்கொள்வோம். 1972 மியூனிக்கில் மூன்று வெள்ளி, அப்போது வயது 13. 1976 மாண்ட்ரியலில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. 100 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியை முடித்துவிட்டு, அரை மணி நேரத்துக்குள் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் குதித்து அதையும் ஜெயித்தார். நேரம் 1:59.26, உலக சாதனை. இரண்டாவதாக வந்த அமெரிக்காவின் ஷெர்லி பாபாஷாஃப் கிட்டத்தட்ட இரண்டு விநாடி பின்னால்.

இதெல்லாம் வெறும் உழைப்பு என்று நானும் சொல்ல வரவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுப்பதை 1974-ல் அரசுத் திட்டமாகவே போட்ட நாடு அது. தனக்கு ஊசி போட்டார்கள், உடம்பு சீக்கிரம் தேறுவதற்கு என்றார்கள், என்று எண்டரே பிற்பாடு சொன்னார். விளையாட்டுப் பள்ளிச் சிறுமி டாக்டரிடம் "இது என்ன மருந்து?" என்று கேட்டிருக்க வேண்டுமாம்! நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இன்னொன்று. எண்டர் பெயரை மட்டும் அடித்தால் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் பெட்ரா ப்ரீமருக்கும், பட்டர்ஃபிளை தங்கம் ஆண்ட்ரியா போலாக்குக்கும் போகும். இருவரும் அதே கிழக்கு ஜெர்மனி அணி! அந்த ஃப்ரீஸ்டைலில் மூன்றாவதாக வந்தவர் நெதர்லாந்தின் எனித் பிரிகிதா. அன்று அவர் ஜெயித்திருந்தால் நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். உலகம் அதற்கு 1988 வரை, சுரினாமின் அந்தோணி நெஸ்டி வரும்வரை, காத்திருந்தது.

பாபாஷாஃப் கதை அதைவிட வயிற்றெரிச்சல். சந்தேகத்தை அப்போதே வாய்விட்டுச் சொன்னார். பத்திரிகைகள் "சிடுமூஞ்சி ஷெர்லி" என்று பெயர் வைத்தன. தோற்றவள் புலம்புகிறாள் என்றார்கள்.

என் கட்சி இதுதான்: எண்டரிடம் இருப்பது இருக்கட்டும், பிரிகிதாவுக்கும் பாபாஷாஃபுக்கும் தனியாகத் தங்கம் கொடுங்கள். முன்மாதிரி இல்லையா? 1992-ல் ஒரு நடுவரின் தவறான மதிப்பெண்ணால் தங்கத்தை இழந்த கனடாவின் சில்வி ஃப்ரெஷெத்துக்கு அடுத்த வருடம் தங்கம் கொடுத்தார்கள். ஜெயித்த அமெரிக்கப் பெண்ணிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங் ஜோடிக்கும் இதேதான்.

மாண்ட்ரியலுக்கு மட்டும் ஏன் மனசு வரவில்லை? 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தரப்பு கேட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. தண்டனை கொடுக்கத் துடிப்பவர்கள் மன்ஃப்ரெட் எவால்டைப் பற்றிப் பேசலாமே. அந்த நாட்டு விளையாட்டுத் துறையையே கையில் வைத்திருந்தவர். 2000-ல் பெர்லின் நீதிமன்றம் அவருக்கு 22 மாதம் கொடுத்தது. அதையும் நிறுத்திவைத்துவிட்டது. ஒருநாள்கூட அவர் உள்ளே போகவில்லை.