ஒரே பெயரில் பல வேலைகள்

'ஃபிரன்ட் எண்ட் டெவலப்பர் தேவை' என்ற விளம்பரம் வேலைவாய்ப்புத் தளங்களில் இடம்பெறாத நாளில்லை. பொறியியல் கல்லூரியை விட்டு வெளியே வரும் மாணவர்கள் பலர் விண்ணப்பிக்கும் முதல் வேலைகளுள் அதுவும் ஒன்று. ஆனால், அந்த மூன்று சொற்களுக்குள் எத்தனை வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பதை விண்ணப்பிப்பவர் அறிவதில்லை; பல நேரங்களில் விளம்பரம் கொடுத்தவரும் அறிவதில்லை. இதை வெறும் பெயர்க் குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. வங்கிக் கணக்கு தொடங்குவது முதல் ரயில் பயணச்சீட்டு எடுப்பது வரை எல்லாமே திரைக்கு வந்துவிட்ட நிலையில், இதனால் அல்லல்படுவோர் பொதுமக்கள்.

1991-இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய முதல் இணையதளத்தில் எழுத்துகளும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். 1996-இல் பக்கங்களுக்கு வண்ணமும் அமைப்பும் தரும் சிஎஸ்எஸ் தரப்படுத்தப்பட்டது. அந்நாள்களில் இவை அனைத்தையும் 'வெப் மாஸ்டர்' என்ற ஒருவரே கவனித்துக்கொள்ள முடிந்தது. 2013-இல் ஃபேஸ்புக் நிறுவனம் ரியாக்ட் என்ற நிரல் நூலகத்தை வெளியிட்டது. அதுபோன்ற கருவிகள் பெருகப் பெருக, அதுவரை சர்வரில் நடந்துவந்த வேலைகளில் பெரும்பகுதி பயனரின் உலாவிக்கு இடம்பெயர்ந்தது. பெயர் மாறவில்லை, வேலை மட்டும் இரண்டாகப் பிளந்தது. அமெரிக்க வலைக் கலைஞர் கிறிஸ் காயர் 2019-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் 'பெரும் பிளவு' என்றே குறிப்பிட்டார்.

பிளவின் ஒரு கரையில் இருப்பவர், வடிவமைப்பாளர் வரைந்து தரும் படத்தை உயிருள்ள பக்கமாக மாற்றுபவர். யுஐ டெவலப்பர் என்று இவரை அழைக்கலாம். எந்தத் தலைப்பு முதலில் வாசிக்கப்பட வேண்டும், விலை குறைந்த கைப்பேசியின் சிறிய திரையில் படிவம் எப்படி மடங்க வேண்டும், வெயிலில் நின்று பார்ப்பவருக்கு எழுத்து தெரியுமா என்பவை இவரது கவலைகள். மறுகரையில் இருப்பவர் ஜாவாஸ்கிரிப்ட் பொறியாளர். தரவு எங்கிருந்து வருகிறது, வராவிட்டால் என்ன செய்வது, உள்நுழைந்தவர் யார் என்பவற்றை இவர் கவனிக்கிறார். பெரிய நிறுவனங்களில், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் பொதுவான பொத்தான்களையும் பெட்டிகளையும் உருவாக்கும் தனிக் குழுவும் உண்டு. இவர்கள் அனைவரையும் சர்வர் வேலையோடு சேர்த்து ஒரே ஊதியத்தில் பெற விரும்பும் நிறுவனங்கள் 'ஃபுல் ஸ்டாக்' என்று எழுதிவிடுகின்றன.

நேர்காணல் அறைகளில் மேசையின் இரு பக்கங்களிலும் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கு கேட்கப்படும் கேள்விகள் ஏறத்தாழ முழுவதும் இரண்டாவது கரையைச் சேர்ந்தவை. எண்களை வரிசைப்படுத்தும் வழிமுறையைக் கேட்பார்கள். ரியாக்ட்டின் உள்ளியக்கத்தைக் கேட்பார்கள். படிவத்தின் ஒரு பெட்டிக்குப் பெயர்ச்சீட்டு ஏன் வேண்டும் என்று கேட்பவர் அரிது. முதல் கரையின் வேலை எளிது, கற்றுக்குட்டிகளுக்கு உரியது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஊதியமும் அதற்கேற்பவே அமைகிறது. திறமையுள்ள இளைஞர் அந்தப் பக்கம் ஏன் செல்லப் போகிறார்?

விளைவைப் பாருங்கள். எச்டிஎம்எல்லில் பொத்தானுக்கென்றே ஓர் உறுப்பு உண்டு. அதை விட்டுவிட்டு, வெறும் கட்டம் ஒன்றுக்கு வண்ணம் பூசிப் பொத்தான்போல் காட்டுவது எளிது. சுட்டியால் அழுத்துபவருக்கு இரண்டும் ஒன்றே. திரை வாசிப்பு மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கு அங்கே பொத்தான் இருப்பதே தெரியாது. விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துபவரால் அதை அடைய முடியாது. பணம் செலுத்தும் பக்கத்தின் கடைசிப் பொத்தான் அதுவாக இருந்தால், பத்து நிமிட உழைப்பும் வீண். அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை ஆராய்கிறது. ஒவ்வோர் ஆண்டும் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் இத்தகைய குறைகள் கண்டறியப்படுகின்றன. மங்கலான எழுத்து, விளக்கமில்லாத படம், பெயர்ச்சீட்டு இல்லாத படிவப் பெட்டி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவை எதுவும் தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. கவனிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டில் இது இப்போது சட்டப் பிரச்னையும்கூட. மின்னணு முறையில் அடையாளத்தைச் சரிபார்க்கும்போது கேமரா முன் கண் சிமிட்டச் சொல்வது, அமிலவீச்சுக்கு உள்ளானவர்களையும் பார்வையற்றவர்களையும் வெளியே நிறுத்துகிறது என்ற வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று கூறி, 20 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. அவற்றைத் திரையில் நடைமுறைப்படுத்த வேண்டியவர், நேர்காணலில் யாரும் பொருட்படுத்தாத அந்த முதல் கரைக்காரர்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். அக்கருவிகளும் மனிதர்கள் எழுதிக் குவித்த பக்கங்களிலிருந்துதான் கற்றன. போலிப் பொத்தான்களையும் சேர்த்தே கற்றன. எது சரி என்று சொல்லத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது வேண்டும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், தம் நேரத்தில் பெரும்பகுதி பக்கத்தின் அமைப்பில் செலவாகுமா, தரவைக் கையாள்வதில் செலவாகுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது. நிறுவனங்களும் அரசுத் துறைகளும் விளம்பரத்தில் இரண்டையும் பிரித்து எழுதலாம். ஆள் எடுக்கும்போது, சுட்டியை அகற்றிவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பச் சொல்லலாம். தடுமாறும் இடத்தைக் கண்டு அவரே திருத்திக் காட்டட்டும். அதற்கு அரைமணி நேரம் போதும்.